ஊமைக்காயம் பட்ட நுரையீரல்: எக்ஸ்ரேயிலும் சிடியிலும் கண்டுபிடிப்பது எப்படி?

கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். நெஞ்சில் அடிபட்ட ஆள் வந்ததும் எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்து, படம் கைக்கு வந்தவுடன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அடிபட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு? அதற்குப் பதில் தெரியாமல் கன்றிப்போன நுரையீரலின் படத்தைப் படிக்க முடியாது. அதே ஆளைக் காலை 8 மணிக்கு ஒரு படமும் இரவு 8 மணிக்கு ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை என்று சத்தியம் செய்வீர்கள்.

நான் வேலை பார்ப்பது திருத்தணிக்கும் புத்தூருக்கும் நடுவே, சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையை ஒட்டி. நெஞ்சடிக்கு இங்கே பஞ்சமே இல்லை. புரட்டாசியில் இரவோடு இரவாக மலைக்கு நடந்து போகிறவர்கள் மேல் வண்டி ஏறும். மாங்காய்க் காலத்தில் கிளை முறிந்து விழுவார்கள். கரும்பு டிராக்டர் கவிழ்ந்து ஸ்டியரிங் நெஞ்சில் அழுத்தும். பொங்கல் சமயத்தில் மாடு முட்டியவர்கள் வருவார்கள். வருகிறவர்களில் பலர் "சாதீ மீத தெப்ப தகிலிந்தி" என்று தெலுங்கில் ஆரம்பித்து, "மூச்சு இழுத்தா குத்துது சார்" என்று தமிழில் முடிப்பார்கள். தெலுங்கில் நுரையீரலுக்கு ஊபிரிதித்துலு என்று பெயர். ஊபிரி என்றால் மூச்சு, தித்தி என்றால் தோல்பை. அந்தப் பை இருக்கிற நெஞ்சின் மேல்தோலில் ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே ரத்தம் கசிந்து கன்றிப்போயிருக்கும். இதுதான் பல்மனரி கன்டியூஷன். ஊமைக்காயம் என்று சொல்வோமே, அது நுரையீரலில் பட்டால் இப்படி.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

நெஞ்சுக்கூடு ஒரு நொடியில் அமுங்கித் திரும்ப விரிகிறது. அந்த அதிர்வில் காற்று நுண்ணறைகளின் சுவரும் அவற்றைச் சுற்றியுள்ள மயிரிழை ரத்தக்குழாய்களும் கிழிகின்றன. காற்று இருக்க வேண்டிய இடத்தில் ரத்தம் வருகிறது. அது முதல் கட்டம்தான். அப்புறம் அந்த இடத்தைச் சுற்றி நீர் கோத்து வீங்குகிறது. கையில் அடிபட்டால் மறுநாள்தானே வீக்கம் அதிகம்? அதே கதைதான். படம் மணிக்கு மணி மாறுவதற்குக் காரணம் இந்த இரண்டாம் கட்டம்.

விலா எலும்பு முறிந்தால்தான் நுரையீரல் கன்றும் என்று நினைக்காதீர்கள். பச்சை மூங்கில் வளையும், காய்ந்த மூங்கில் முறியும். குழந்தைகளின் விலா பச்சை மூங்கில்: வளைந்து கொடுத்துவிட்டு அடியை அப்படியே நுரையீரலுக்குத் தள்ளிவிடும். ஆகவே சைக்கிளிலிருந்து விழுந்த எட்டு வயதுப் பையனின் படத்தில் ஒரு எலும்புகூட முறியாமல் நுரையீரல் கன்றியிருக்கலாம். இது ஒன்றும் புதிய சங்கதி இல்லை. விலா முறியாமலே நுரையீரல் அடிபடும் என்று இத்தாலிய மருத்துவர் மோர்காக்னி 1761-லேயே எழுதிவைத்தார், எக்ஸ்ரே வருவதற்கு 130 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக.

படத்தைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

மணி கேட்டாச்சு. அடுத்து, எந்தப் பக்கம் அடி, எதில் அடி. கன்றல் பெரும்பாலும் அடிபட்ட இடத்துக்கு நேர் உள்ளேயும், விலா, முதுகெலும்பு, மார்பெலும்பு போன்ற கெட்டியான பகுதிகளை ஒட்டியும் வரும். எதிர்ப்பக்கத்திலும் வரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

மயக்கம் போட்டாரா, வாந்தி எடுத்தாரா, குடித்திருந்தாரா என்று கேளுங்கள். வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால் அதுவும் படத்தில் கன்றலைப் போலவே வெள்ளையாகத்தான் தெரியும். தொடை எலும்பு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள், காரணம் கீழே வருகிறது. முன்பு டிபி வந்து மருந்து சாப்பிட்டாரா என்பதையும் விடாதீர்கள். நம் பக்கத்தில் பழைய டிபி தழும்பைப் புதுக் காயம் என்று எழுதிய ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ரே ரூமிலிருந்து வரும் படத்தில் தேதி இருக்கும், சில சமயம் எடுத்த நேரமும் இருக்கும். அடிபட்ட நேரம் இருக்காது. அதை நீங்களே கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

எக்ஸ்ரேயைப் படிக்கும் வரிசை

அடிபட்டவரை எழுப்பி நிறுத்திப் படம் எடுக்க முடியாது. படுத்த நிலையில், முன்னாலிருந்து கதிர் விழும்படி எடுத்த ஏபி படம்தான் கிடைக்கும். இதில் இதயம் பெரிதாகத் தெரியும், மூச்சை ஆழமாக இழுத்திருக்கவும் மாட்டார். அதனால் நுரையீரலின் கீழ்ப்பகுதி கொஞ்சம் மங்கலாக இருப்பது சகஜம். இதைக் கன்றல் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆளைக் கொல்லக்கூடியதை முதலில் தேடுங்கள். நுரையீரலுக்கு வெளியே, நெஞ்சுக்குள் சேர்ந்த காற்று அழுத்தி மூச்சுத் திணறுகிற டென்ஷன் நியூமோதோராக்ஸுக்கு எக்ஸ்ரேக்காகக் காத்திருக்கக் கூடாது, அதை ஆளைப் பார்த்தே கண்டுபிடித்து ஊசி குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். சாதாரண நியூமோதோராக்ஸ் படுத்த படத்தில் ஏமாற்றும். காற்று மேலே, அதாவது நெஞ்சின் முன்பக்கத்தில் சேர்வதால், உச்சியில் கோடு தெரியாமல், ஒரு பக்கத்து விலா–உதரவிதான மூலை மட்டும் வழக்கத்தைவிட ஆழமாக, கறுப்பாகத் தெரியும். ஆழ்பள்ள அடையாளம் என்று நான் பையன்களுக்குச் சொல்வேன். நெஞ்சுக்குள் ரத்தம் தேங்கினால் நேர்மாறு: படுத்த ஆளுக்கு அது முதுகுப்பக்கமாகப் பரவி, அந்தப் பக்கம் முழுக்க மெல்லிய முக்காடு போட்ட மாதிரி இருக்கும். அதன் ஊடே ரத்தக்குழாய்களின் கோடுகள் தெரியும்.

பிறகு எலும்பு. ஒவ்வொரு விலாவாக விரல் வைத்து எண்ணுங்கள். முதல் மூன்று விலாக்களில் முறிவு இருந்தால் அடி பெரிது, பெரிய ரத்தக்குழாய்களையும் சந்தேகப்பட வேண்டும். கீழ் விலாக்கள் முறிந்தால் இடப்பக்கம் மண்ணீரல், வலப்பக்கம் கல்லீரல். அடுத்தடுத்த மூன்று விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்திருந்தால் அது ஃப்ளெய்ல் செஸ்ட். அதற்கு அடியில் கன்றல் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

இதற்கெல்லாம் பிறகுதான் நுரையீரல். கன்றல் எப்படித் தெரியும் என்றால், மாம்பழத்தில் அடிபட்ட இடம் போல: ஓரம் தெளிவில்லாத, ஒழுங்கான வடிவம் இல்லாத வெள்ளைத் திட்டு. ஒன்றாகவும் இருக்கும், பலவாக இணைந்து பெரிதாகவும் பரவும். முக்கியமான அடையாளம், அது மடல்களின், அதாவது நுரையீரலின் பெரிய பிரிவுகளின், எல்லையை மதிக்காது. நிமோனியா ஒரு மடலில் நிறைந்து, மடல்களைப் பிரிக்கிற ஃபிஷர் வந்ததும் நின்றுவிடும், கோடு போட்ட மாதிரி. கன்றல் ஃபிஷரைத் தாண்டி அடுத்த மடலுக்கும் போகும், ஏனென்றால் அடி மடல் பார்த்து விழுவதில்லை. வெள்ளைக்குள் மூச்சுக்குழல் கறுப்பாகக் கிளைவிட்டுத் தெரிகிற ஏர் பிராங்கோகிராம் இதில் பெரும்பாலும் இருக்காது, மூச்சுக்குழலுக்குள்ளும் ரத்தம் நிறைந்திருக்கும். இருந்தால் கன்றல் இல்லை என்று முடிவு செய்துவிடவும் வேண்டாம்.

மணிக்கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

முதல் 6 மணி நேரத்துக்குள் எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். கன்றல் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. இன்னும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலான கன்றல்கள் 6 மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும், சிலது ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். 24 முதல் 72 மணி நேரம் வரை வெள்ளை அதிகமாகிக்கொண்டே போகும், மூச்சுத் திணறலும் கூடவே கூடும். அப்புறம் கலைய ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் காணாமல் போகும். பெரிய கன்றலுக்கு இரண்டு வாரம் ஆகலாம்.

இந்தக் கணக்கை நான் காசு கொடுத்துக் கற்றவன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டிராக்டர் கவிழ்ந்து நெஞ்சில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அடிபட்டு 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. எக்ஸ்ரே பளிச்சென்று இருந்தது, ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், 97. "ஒண்ணும் இல்லண்ணா, மூச்சுப்பிடிப்புதான்" என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு மகன் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தான். சாச்சுரேஷன் 86, உதடு நிறம் மாறியிருந்தது. இரண்டாம் படத்தில் வலது கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளை. முதல் படத்தில் எந்தத் தப்பும் இல்லை, அது 40 நிமிடத்தில் சொல்ல முடிந்ததைச் சொன்னது. நான்தான் அதனிடம் பத்து மணி நேரத்துக்கான பதிலை வாங்கினேன். ஆக்ஸிஜன் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். அடுத்த மாங்காய் சீசனில் ஒரு கூடை பெங்களூரா மாங்காயோடு வந்தார், அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அதனால் பலமான அடி என்றால் முதல் படம் சுத்தமாக இருந்தாலும் உட்கார வைத்துக் கவனியுங்கள். 6 மணி நேரம் கழித்து இன்னொரு படம். மூச்சு எண்ணிக்கையையும் சாச்சுரேஷனையும் மணிக்கொரு தரம் எழுதுங்கள். பெரும்பாலும் படத்துக்கு முன்னால் அந்த எண்கள் பேசிவிடும்.

கணக்கின் மறுபாதியும் உண்டு. முதல் நாள் முழுக்கச் சுத்தமாக இருந்த நுரையீரலில் 24 மணி நேரத்துக்குப் பிறகு புதிதாக வெள்ளை வந்தால், கன்றலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மூன்று நாள் தாண்டியும் வெள்ளை கூடிக்கொண்டே போனாலும் அப்படியே. கன்றலின் மேல் நிமோனியா ஏறியிருக்கலாம், இரண்டு நுரையீரலும் கெட்டு ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறாமல் போகிற ஏஆர்டிஎஸ் ஆகிக்கொண்டிருக்கலாம்.

கன்றல் போலத் தெரிகிற மற்றவை

வாந்தி உள்ளே போனது: படுத்திருந்தவருக்கு வலது கீழ் மடலின் மேல் பகுதி, மேல் மடலின் பின் பகுதி இரண்டும் அதற்குப் பிடித்த இடங்கள். அடிபட்ட இடத்தோடு ஒத்துப்போகாது. மயங்கிக் கிடந்த குடிகாரருக்கு அடி இடப்பக்கம், வெள்ளை வலப்பக்கம் என்றால் முதலில் இதை நினையுங்கள்.

நுரையீரல் சுருங்கிப்போவது, அதாவது அட்டெலெக்டசிஸ். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாதவர்களுக்கு இரண்டாம் நாள் வரும். ஓரம் நேர்க்கோடாக இருக்கும், ஃபிஷரும் உதரவிதானமும் அந்தப் பக்கமாக இழுக்கப்பட்டிருக்கும். கன்றலில் இப்படி இழுப்பு இருக்காது. பிசியோதெரபி கொடுத்து இருமவைத்தால் மறுநாளே பாதி தெளிந்துவிடும்.

கொழுப்பு அடைப்பு. தொடை எலும்பு போன்ற நீள எலும்பு முறிந்தவருக்கு 24 முதல் 72 மணி நேரத்தில், நெஞ்சில் அடியே இல்லாவிட்டாலும், இரண்டு பக்கமும் வெள்ளை பரவும். குழப்பமாகப் பேசுவார், அக்குளிலும் கண்ணின் உள்பக்கத்திலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தெரியும். நேரம் ஒத்துப்போவதால் இது கன்றலோடு குழம்பும்.

பழைய டிபி: உச்சியில், கோடு கோடாக, சுண்ணாம்புப் புள்ளியோடு இருக்கும். பழைய படம் கிடைத்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகிற வழக்கு. வீட்டுப் பரணில் எக்ஸ்ரே கவரைப் பத்திரமாக வைத்திருக்கும் அம்மாக்கள் இங்கே ஏராளம், கேட்டால் போதும்.

சிடி எப்போது, அதில் எதைப் பார்ப்பது

எக்ஸ்ரே மணிக்கணக்கில் தயங்குகிற விஷயத்தை சிடி உடனே காட்டிவிடும். பலமான அடி, மயக்கம், பல விலா முறிவு, எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் சாச்சுரேஷன் இறங்குவது, இவற்றில் எது இருந்தாலும் சிடி எடுக்கலாம். ஆனால் சிடியில் மட்டும் தெரிகிற சின்னத் திட்டுகள் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராமல் போய்விடும். ஒரு நெஞ்சு சிடியின் கதிர் அளவு சுமார் 7 மில்லிசீவர்ட், எக்ஸ்ரேயுடையது சுமார் 0.1. ஆகவே கன்றல் குறைகிறதா என்று பார்ப்பதற்குத் தினம் சிடி எடுக்கக் கூடாது, அதற்கு எக்ஸ்ரேயும் நோயாளியின் மூச்சும் போதும்.

திரையில் படத்தை, நுரையீரல் தெளிவாகத் தெரிகிற லங் விண்டோ அமைப்பில் வையுங்கள்: அகலம் 1500, மட்டம் கழித்தல் 600. லேசான கன்றல், குளிர்காலத்தில் மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடி மாதிரி தெரியும், உள்ளே ரத்தக்குழாய்கள் மறையாது. இதுதான் கிரவுண்ட் கிளாஸ். பலமான கன்றலில் அது கெட்டியாகி, குழாய்களையும் மறைத்துவிடும். பெரும்பாலும் நெஞ்சுச் சுவரை ஒட்டி, பிறை வடிவத்தில் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: வெள்ளைக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கறுப்பு விளிம்பு தப்பியிருக்கும், குறிப்பாகக் குழந்தைகளில். நிமோனியாவில் இப்படித் தப்புவது வழக்கமில்லை. பார்க்கப் பழகிவிட்டால் கண் தானாக அங்கே போகும்.

வெள்ளைக்கு நடுவே வட்டமாகவோ முட்டை வடிவிலோ ஒரு குழி தெரிந்தால், அது கன்றலைத் தாண்டி நுரையீரல் கிழிந்ததற்கு அடையாளம், லேசரேஷன். கிழிசல் ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்பார்கள். நுரையீரல் ரப்பர் மாதிரி எல்லாப் பக்கமும் சுருங்கி இழுப்பதால் கிழிசல் வட்டமாகத் திறந்துகொள்கிறது. உள்ளே காற்று இருக்கலாம், ரத்தம் இருக்கலாம், இரண்டும் சேர்ந்து மட்டக்கோடு போட்டிருக்கலாம். எக்ஸ்ரேயில் முதல் சில நாள் சுற்றியுள்ள கன்றல் இதை மறைத்துவிடும், அது கலைந்த பிறகு திடீரென்று முளைத்த மாதிரி தெரியும். கன்றலைப் போல ஒரு வாரத்தில் போகாது, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். நம் ஊர்களில் இதில் ஒரு சிக்கல் உண்டு. அடிபட்டு ஒரு மாதம் கழித்து வேறொரு டாக்டர் படம் எடுத்தால், ரத்தம் நிறைந்த வட்டம் கட்டி மாதிரியும் காலியான வட்டம் டிபி குழி மாதிரியும் தெரியும். சளிப் பரிசோதனை செய்யாமல் டிபி மாத்திரை ஆரம்பித்துவிட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பழைய விபத்தைப் பற்றி அவரிடம் யாருமே கேட்கவில்லை.

எவ்வளவு கன்றியிருக்கிறது என்று தோராயமாகவாவது எழுதுங்கள். மொத்த நுரையீரலில் 20 விழுக்காடு என்பது ஒரு கோடு. 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்தக் கோட்டைத் தாண்டியவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஏஆர்டிஎஸ் வந்தது, தாண்டாதவர்களில் 22 விழுக்காட்டினருக்கு. ஐசியு படுக்கை இல்லாத இடத்தில் இருக்கிறவருக்கு, எப்போது அனுப்புவது என்று முடிவு செய்ய இந்த எண் ரொம்ப உதவும்.

அல்ட்ராசவுண்ட் பற்றி இரண்டு வார்த்தை. படுக்கைக்குப் பக்கத்திலேயே, அடிபட்ட இடத்தில் ஸ்கேன் கருவியின் முனையை (புரோப்) வைத்தால், நுரையீரல் உறையிலிருந்து திரையின் அடிவரை இறங்கும் வெள்ளைக் கோடுகள் பல தெரியும், பி-கோடுகள். ஒரு பக்கம் மட்டும், ஒரு இடத்தில் மட்டும் அவை கூட்டமாக இருந்தால் கன்றல். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் இதயப் பிரச்சினையை யோசியுங்கள். நெஞ்சு ரத்தம், காற்று இரண்டையும் அதே கையோடு பார்த்துவிடலாம். தோலுக்கடியில் காற்று பரவியிருந்தால் ஒன்றும் தெரியாது.

ரிப்போர்ட்டும் வீட்டாரும்

ரிப்போர்ட்டில் எந்த மடல், எந்தப் பக்கம், எவ்வளவு, கிழிசல் உண்டா, ரத்தம் அல்லது காற்று உண்டா, எத்தனை விலா, இவற்றோடு "அடிபட்டு இத்தனை மணி நேரத்தில் எடுத்த படம்" என்ற வரியும் இருக்கட்டும்.

வீட்டாரிடம் பேசும்போது "இன்னும் இரண்டு நாள் மூச்சு மோசமாகலாம், அது எதிர்பார்த்ததுதான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், இரண்டாம் நாள் வெள்ளை கூடியதும் நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போடவும் எண்ணெய் போட்டு நீவிவிடவும் கேட்பார்கள். மரியாதையோடு மறுத்துவிடுங்கள். கட்டுப் போட்டால் வலி குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் நுரையீரல் விரியாது. வலிக்கு நன்றாக மருந்து கொடுத்து, ஆழமாக மூச்சு விடச் சொல்லி, இருமவைத்து, தேவைப்பட்டால் ஆக்ஸிஜன் கொடுப்பதுதான் வைத்தியம். ஸ்டீராய்டு பயன் தராது, வரும் முன் காப்போம் என்று ஆன்டிபயாடிக் கொடுப்பதும் தேவையில்லை. சலைனை அளவு தெரிந்து ஓட்ட வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது சிலர் திருப்பதி பக்கம் போவார்கள், சிலர் வேலூருக்கோ சென்னைக்கோ. காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தில் செல்லும் என்று வாசலில் ஒரு வாதம் நடக்கும், அது அவர்கள் வீட்டு முடிவு. முதல் எக்ஸ்ரேயை மட்டும் உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளாமல் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே எடுக்கிற படத்தோடு ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும். படத்தின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் இரண்டு நேரமும் எழுதுங்கள்: அடிபட்ட நேரம், படம் எடுத்த நேரம்.